"இதுல நான் எது, டீச்சர்?" - கேமராவில் எந்த மோடு, எப்போது?

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் விளையாட்டு விழா. பரிசளிப்பு, பேச்சு என்று நேரம் இழுத்துக்கொண்டு போய், எட்டாம் வகுப்பு மாணவியரின் 100 மீட்டர் இறுதி ஓட்டம் தொடங்கும்போது மாலை ஆறு மணியைத் தாண்டிவிட்டது. வானத்தில் மழைமேகம் வேறு. முன்னாள் மாணவர்கள் நன்கொடையாக வாங்கித் தந்த கேமரா என் கழுத்தில் தொங்கியது. சக்கரத்தை 'ஆட்டோ'வில் வைத்திருந்தேன். விசில் ஊதியது. ஓடினார்கள். எல்லைக்கோட்டை நெருங்கும்போது பொத்தானை அழுத்தினேன். ஃபிளாஷ் தானாக எழும்பி மின்னியது. படம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

முதலாவதாக வந்த மாணவி, வகுப்பில் வாய் திறந்து பேசாதவள். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் ஓடி வந்தாள். "டீச்சர், போட்டோ வந்துச்சா? அம்மாகிட்ட காட்டணும்" என்றாள். செங்கல் சூளை வேலையை விட்டுவிட்டு அவள் அம்மாவால் விழாவுக்கு வர முடியவில்லை. கேமராவின் திரையில் படத்தைக் காட்டினேன். இருட்டான மைதானத்தில், நான்கைந்து உருவங்கள் ஈரச் சுவரில் பூசிய வண்ணம்போல் இழுபட்டிருந்தன. வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல நான் எது, டீச்சர்?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கல்வியாண்டின் இறுதியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்த ஓட்டத்தை இனி யாராலும் மறுபடி எடுக்க முடியாது.

கேமரா பழுதில்லை. வெளிச்சம் குறைவுதான், ஆனால் படமே எடுக்க முடியாத அளவு இருட்டும் இல்லை. தவறு, நான் வைத்திருந்த மோடில் இருந்தது. உள்ளூர் ஸ்டூடியோ நடத்தும் அண்ணனிடம் படத்தைக் காட்டியபோது அவர் ஒரே வரியில் சொன்னார்: "கேமராவுக்கு ஓட்டம் தெரியாதுங்க டீச்சர், வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஓடுறாங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

அப்படிச் சொல்வதற்கான வழிதான் கேமராவின் தலையில் இருக்கும் அந்தச் சக்கரம். அதன்பிறகு நான் கற்றுக்கொண்டதை, பள்ளி நிகழ்ச்சிகளைப் படமெடுக்கும் பொறுப்பு தலையில் விழுந்திருக்கும் சக ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

குடம் நிரப்பும் கணக்கு

படம் என்பது ஒரு குடம் தண்ணீர் பிடிப்பதைப் போன்றது. தண்ணீருக்குப் பதில் வெளிச்சம். குடம் சரியாக நிரம்ப வேண்டும். குறைந்தால் படம் இருட்டு, வழிந்தால் வெளுத்துப்போகும். இதைத் தீர்மானிப்பவை மூன்று.

முதலாவது, குழாயை எவ்வளவு அகலமாகத் திறக்கிறோம் என்பது. இதுதான் அப்பெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் இருக்கும் துளை. எஃப் 4, எஃப் 8 என்று குறிப்பார்கள். எண் பெரிதானால் துளை சிறிது. பின்னத்தின் கீழெண்ணாக நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. கால் பங்கைவிட அரைக்கால் சிறியதுதானே! துளை அகலமாக இருந்தால் வெளிச்சம் நிறைய வரும், ஆனால் நாம் குவித்த இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ளவை மங்கிவிடும். துளை சிறிதானால் முன்வரிசை, பின்வரிசை எல்லாம் தெளிவாக இருக்கும்.

இரண்டாவது, குழாயை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது. இது ஷட்டர் வேகம். 1/60, 1/500 என்பவை நொடியின் பின்னங்கள். நேரம் குறையக் குறைய அசைவு உறைந்து நிற்கும்.

மூன்றாவது, குடத்தின் அளவு. இது ஐஎஸ்ஓ. ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டுவது, சின்னக் குடத்தை வைப்பது போல. கொஞ்சம் வெளிச்சத்திலேயே நிரம்பிவிடும். விலையாகப் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும்.

ஆட்டோ மோடில் இந்த மூன்றையும் கேமராவே முடிவு செய்கிறது. குடத்தை நிரப்புவது மட்டுமே அதன் கவலை. எதிரே ஓடுவது பிள்ளையா, நிற்பது கொடிக்கம்பமா என்பதைப் பெரும்பாலும் அது கணக்கில் எடுப்பதில்லை.

சக்கரத்தில் உள்ள எழுத்துகள்

பி: துளையையும் நேரத்தையும் கேமரா முடிவு செய்யும். ஐஎஸ்ஓ, ஃபிளாஷ், படத்தின் வெளிச்சக் கூட்டல் கழித்தல் ஆகியவை நம் கையில். பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷ் தானாக எழும்பாது. கொடியேற்றம், மரக்கன்று நடுதல் போன்று அவசரமில்லாத நிகழ்ச்சிகளுக்குப் போதும்.

ஏ அல்லது ஏவி: துளையை நாம் சொல்வோம், நேரத்தைக் கேமரா கணக்கிடும்.

எஸ் அல்லது டிவி: நேரத்தை நாம் சொல்வோம், துளையைக் கேமரா கணக்கிடும். கேனான் கேமராவில் 'டிவி' என்று இருப்பதைப் பார்த்து, தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கும் வசதி என்றே நான் பல நாள் நினைத்திருந்தேன். அது நேரத்தைக் குறிக்கும் சுருக்கம்.

எம்: துளை, நேரம் இரண்டும் நம் பொறுப்பு.

இவற்றோடு ஓடும் மனிதன், பெண்ணின் முகம், மலை, பூ என்று சிறு படங்கள் சில கேமராக்களில் இருக்கும். ஓடும் மனிதன் படம், எஸ் மோடின் வேலையைத் தோராயமாகச் செய்யும். பெண்ணின் முகம் துளையை அகலப்படுத்தும். எண்கள் பழகும்வரை இவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அன்று மாலை ஓடும் மனிதனுக்கு நான் சக்கரத்தைத் திருப்பியிருந்தால்கூடப் படம் ஓரளவு தேறியிருக்கும்.

எந்த மோடு என்பதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தப் படத்தில் எது தவறினால் படம் வீண்?" அசைவு இழுபட்டால் வீண் என்றால் எஸ். முன்னும் பின்னும் தெளிவு இல்லாவிட்டால் வீண், அல்லது பின்னணி மங்க வேண்டும் என்றால் ஏ. வெளிச்சம் மாறாமல் இருந்தும் கேமரா குழம்புகிறது என்றால் எம். இனி நம் பள்ளிச் சூழல்களில் இதைப் பொருத்திப் பார்ப்போம்.

ஓட்டப் பந்தயம்: எஸ் மோடு

100 மீட்டரை 15 நொடியில் ஓடும் ஒரு பிள்ளை, நொடிக்குச் சராசரியாக 6.67 மீட்டர் கடக்கிறது. ஃபிளாஷ் எழும்பிய அந்தப் படத்தின் விவரத்தைப் பின்னர் திறந்து பார்த்தேன். ஷட்டர் வேகம் 1/60 என்று இருந்தது. 6.67 மீட்டரை 60ஆல் வகுத்தால் 11 சென்டிமீட்டர். ஷட்டர் திறந்திருந்த நேரத்துக்குள் அந்த மாணவி 11 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறாள். முகம் எப்படித் தெரியும்? 1/500 என்றால் நகர்வு 1.3 சென்டிமீட்டர். 1/1000 என்றால் 7 மில்லிமீட்டருக்கும் குறைவு. கைகால்கள் உடலைவிட வேகமாக வீசப்படுவதால் வெயில் இருக்கும்போது 1/1000 வைப்பதே நல்லது.

ஃபிளாஷும் அன்று உதவவில்லை. கேமராவோடு சேர்ந்துவரும் சிறிய ஃபிளாஷின் ஒளி சில மீட்டர் தூரத்துக்குத்தான் பயன்படும். மைதானத்தில் அதை அணைத்துவிடுங்கள்.

வெயில் உள்ள மாலையில் ஐஎஸ்ஓ 400 போதும். மேகமூட்டத்தில் 800, 1600 என்று ஏற்றுங்கள். இருட்டத் தொடங்கினால் 1/500, ஐஎஸ்ஓ 3200. திரையில் துளையின் எண் மின்னி மின்னி அணைந்தால், "துளையை இதற்குமேல் திறக்க முடியாது, வெளிச்சம் போதவில்லை" என்று கேமரா சொல்வதாகப் பொருள். ஐஎஸ்ஓவை இன்னும் கூட்டுங்கள். புள்ளிகள் வருமே என்று தயங்க வேண்டாம். புள்ளி விழுந்த படத்தில் பிள்ளையை அடையாளம் தெரியும். இழுபட்ட படத்தில் தெரியாது.

நிற்கும் இடமும் முக்கியம். பக்கவாட்டில் நின்றால் அசைவு முழுவதும் படத்தில் விழும். எல்லைக்கோட்டுக்குப் பின்னால், ஓட்டப் பாதைக்குச் சற்று விலகி, ஓடிவருபவர்களை எதிர்நோக்கி நின்றால் இழுபடுவது குறையும், முகமும் கிடைக்கும். குவியத்தைத் தொடர் குவியத்தில் வையுங்கள். தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் வசதியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்புக் குழுப் படம்: ஏ மோடு, எஃப் 8

மூன்று வரிசையில் நாற்பது பிள்ளைகள். இங்கே அசைவு பெரிய சிக்கலில்லை. துளை அகலமாக இருந்தால் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் தெளிவாகவும், பெஞ்சின் மேல் நிற்கும் பிள்ளைகள் மங்கலாகவும் வருவார்கள். பின்வரிசையில் நிற்பது பெரும்பாலும் உயரமான, வாய் பேசாத பிள்ளைகள்தான். அவர்கள் முகமும் படத்தில் தெரிய வேண்டுமல்லவா? எஃப் 8 வையுங்கள். நடுவரிசையில் உள்ள ஒரு முகத்தில் குவியுங்கள். கட்டடத்தின் நிழலில் ஐஎஸ்ஓ 400 வைத்தால் பொதுவாக 1/125க்குக் குறையாத வேகம் கிடைத்துவிடும்.

ஏ மோடில் ஓர் ஆபத்து உண்டு. வெளிச்சம் குறைந்தால் கேமரா சத்தமில்லாமல் நேரத்தை நீட்டிக்கொண்டே போகும். திரையில் 1/30, 1/15 என்று தெரிந்தால் நிறுத்தி ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள்.

வேப்பமரத்தடி அழகுதான். ஆனால் இலைகளுக்கு இடையே விழும் வெயில் முகங்களில் திட்டுத் திட்டாகப் படியும். காலை பத்து மணிக்குள், கட்டடத்தின் சீரான நிழலில் எடுங்கள். ஐந்து படமாவது எடுங்கள். நாற்பது பேரில் யாராவது ஒருவர் கண் சிமிட்டாமல் இருப்பது அரிது.

வகுப்பறை: ஏ மோடு, துளை அகலமாக

குழுச் செயல்பாடு, சோதனை, வாசிப்பு ஆகியவற்றை எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். மின்னியவுடன் எல்லாப் பிள்ளைகளும் கேமராவைப் பார்ப்பார்கள்; அதோடு செயல்பாடு முடிந்தது. எஃப் 4, ஐஎஸ்ஓ 1600 என்பது சன்னல் உள்ள வகுப்பறைக்கு நல்ல தொடக்கம். நேரம் 1/125க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி நீங்கள் நில்லுங்கள். வெளிச்சம் பிள்ளைகள் முகத்தில் விழும்.

ஸ்மார்ட் வகுப்பறைத் திரையையோ குழல் விளக்கு வெளிச்சத்தையோ எடுக்கும்போது சில சமயம் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுவதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. வேகத்தை 1/100 அல்லது 1/50 வைத்தால் அந்தப் பட்டைகள் பெரும்பாலும் மறையும். இதற்கு எஸ் மோடுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சுவர் முன் நிற்கும் பிள்ளை: எந்த மோடானாலும் +1

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கேமரா தன் முன்னால் இருப்பதெல்லாம் சேர்ந்து சராசரியாகச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டுதான் வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை, சன்னல், வானம் என்று வெளுப்பு நிறைய இருந்தால், "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். அதில் முதலில் காணாமல் போவது நம் பிள்ளைகளின் கறுத்த முகங்கள்தான். கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மற்ற பிள்ளைகள் சிரித்ததை என் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன். சிரிப்புக்கு ஆளான பையன் அதன்பின் படமெடுக்க வரவே இல்லை. குறை அவன் நிறத்தில் இல்லை, என் கணக்கில் இருந்தது.

இதற்காகவே கேமராவில் கூட்டல், கழித்தல் குறியுள்ள பொத்தான் இருக்கிறது. பி, ஏ, எஸ் மூன்று மோடிலும் இது வேலை செய்யும். வெளுப்பான பின்னணி என்றால் +1 வையுங்கள். இப்போது இரு மடங்கு வெளிச்சம் பதிவாகும். சுவர் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். சுவரையா படமெடுக்கிறோம்? கரும்பலகை, கறுப்புத் திரை போன்ற இருண்ட பின்னணியில் இதற்கு நேர்மாறு. முகம் வெளுத்துப்போகும், -1 வையுங்கள்.

ஆண்டு விழா மேடை: எம் மோடு

மேடையில் பின்திரை கறுப்பு, ஒரு பாட்டுக்குப் பிள்ளைகள் வெள்ளை உடை, அடுத்த பாட்டுக்குச் சிவப்பு. ஒவ்வொரு முறையும் கேமரா வெவ்வேறு கணக்குப் போட்டு, ஒரு படம் வெளுப்பும் ஒரு படம் கறுப்புமாகத் தரும். ஆனால் மேடை விளக்கு பெரும்பாலும் அதேதான். ஆகவே எம். கேமராவில் பொதுவாக வரும் 18-55 லென்ஸை நெருக்கமாக இழுத்தால் அதன் அகலமான துளை எஃப் 5.6தான். அதை வைத்து, வேகம் 1/200, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கி, முதல் நிகழ்ச்சிக்கு முன் மேடையில் ஒருவரை நிற்கச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள். முகம் சரியாக வந்ததும் எண்களை மாற்றாமல் விட்டுவிடலாம். வண்ண விளக்குகள் மாறிக்கொண்டே இருந்தால் ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றி இறக்குங்கள். கும்மி, கோலாட்டம் போன்ற ஆட்டங்களில் தாளத்தின் உச்சத்தில் கைகள் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்துக்குக் காத்திருந்து அழுத்தினால் 1/200 போதும்.

கண்காட்சி மாதிரிகள்: ஏ மோடு, எஃப் 8 முதல் எஃப் 11 வரை

கிட்டத்தில் போகப் போகத் தெளிவாக இருக்கும் ஆழம் குறையும். காற்றாலை மாதிரியின் இறக்கை தெளிவாகவும் அதன் அடித்தளம் மங்கலாகவும் வருவது இதனால்தான். துளையைச் சிறிதாக்குங்கள். நேரம் நீளும் என்பதால் கேமராவை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மாதிரியை மட்டும் எடுக்காமல் அதைச் செய்த பிள்ளையின் கையும் முகமும் இருக்கும்படி ஒன்று எடுங்கள்.

செல்பேசி மட்டும் இருந்தால்

நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது செல்பேசிதான். இதில் துளை பொதுவாக மாறாதது. ஆனாலும் அதே கேள்வி இங்கேயும் உதவும். 'ப்ரோ' என்ற மோடு இருந்தால் ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓவையும் நாமே வைக்கலாம். ஓட்டப் பந்தயத்துக்கு அதுதான் வழி. இல்லையென்றால் வெளிச்சம் இருக்கும்போதே பந்தயத்தை நடத்தும்படி உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வது எந்த மோடையும்விடச் சிறந்தது!

வெள்ளைச் சுவர்ச் சிக்கலுக்கு, திரையில் பிள்ளையின் முகத்தைத் தொடுங்கள். பல செல்பேசிகளில் சிறிய சூரியன் குறி தோன்றும். அதை மேலே நகர்த்தினால் முகம் தெளியும். 'நைட்' மோடு பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. அசையாத கட்டடத்துக்குச் சரி, ஆடும் பிள்ளைக்குச் சரிவராது. 'போர்ட்ரெய்ட்' மோடில் பின்னணியை மங்கலாக்குவது பெரும்பாலும் கணக்கீடுதான். தனியாக நிற்கும் ஒருவருக்கு அழகாக வரும். கையில் கோப்பையோ கொடியோ இருந்தால் அதன் ஓரத்தைப் பின்னணி என்று நினைத்து அழித்துவிடலாம். பரிசு வாங்கும் படத்துக்கு அது வேண்டாம்.

வகுப்பறைக்குள் கொண்டுவந்தபோது

அந்த 11 சென்டிமீட்டர் கணக்கை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வேகம், தொலைவு, நேரம் என்ற பாடத்தில் தொடர்வண்டியையும் பேருந்தையும் வைத்துக் கணக்குப் போட்டுச் சலித்த பிள்ளைகள், தங்கள் ஓட்ட நேரத்தை வைத்து, "எனக்கு எவ்வளவு ஷட்டர் வேணும் டீச்சர்?" என்று போட்டி போட்டுக் கணக்கிட்டார்கள். பத்தாம் வகுப்பு ஒளியியலில் லென்ஸ் நடத்தும்போதும் கேமராவைக் கையில் கொடுத்துவிடுகிறேன். எஃப் 4இலும் எஃப் 8இலும் ஒரே பென்சில் வரிசையை எடுத்துப் பார்த்தால், துளையின் விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகும் என்பதை நான் சொல்லத் தேவையே இருப்பதில்லை.

இப்போது விழாவுக்கு முந்தைய நாள் மைதானத்துக்குப் போய் பத்து நிமிடம் சோதித்துப் பார்க்கிறோம். யாராவது ஒரு பிள்ளை ஓடிக் காட்டும். மற்றவர்கள் 1/60, 1/250, 1/1000 என்று வைத்து எடுத்துப் பார்ப்பார்கள். இந்த ஆண்டு விளையாட்டு விழாவில் கேமராவைப் பிடித்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். "டீச்சர், எஸ்ல வெச்சுட்டேன், ஃபிளாஷ் ஆஃப்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் எல்லைக்கோட்டுக்குப் போனான். மறுநாள் அறிவிப்புப் பலகையில் படம் ஒட்டினோம். ஓடிய ஆறு பேரில் கடைசியாக வந்த சிறுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல், தன் முகத்தின்மேல் விரலை வைத்தாள்.

உங்கள் பள்ளியின் அடுத்த விழாவுக்கு முன் சக்கரத்தை ஒருமுறை ஆட்டோவிலிருந்து திருப்பிப் பாருங்கள். எது தவறினால் இந்தப் படம் வீண் என்று ஒரு நொடி யோசியுங்கள். விழா அடுத்த ஆண்டும் வரும். அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டும் நம் பள்ளியில் இருப்பாள் என்பதற்கு உறுதியில்லை.